கேப் வாங்கப் போறீங்களா, உள்பக்கத்தத் திருப்பிப் பாருங்க

கேப் வாங்கப் போனா எல்லாரும் முன்னாடி இருக்கற லோகோவத்தான் பாக்குறாங்க, ஆனா எத்தன நாள் உழைக்கும்னு உள்பக்கத்துலதான் தெரியும். நம்ம டெல்டா பக்கம் வெறும் வெயில் மட்டும் இல்ல, புழுக்கமும் சேர்ந்து, சித்திரைல உளுந்து புடுங்குற நேரம் வயல்ல கொஞ்சம் நின்னாலே வேர்வை ஊத்துது பாருங்க, அதுதான் கேப்ப சீக்கிரம் அரிக்கும்.

அதனால முதல்ல நெத்தியில படுற பட்டி. காட்டனா, கொஞ்சம் மெத்துனு, சுத்திவர தையல் விடாம ஓடியிருக்கணும். வழவழன்னு இருக்கற பட்டி வேர்வைய உறிஞ்சாது, எல்லாம் கண்ணுக்குள்ள இறங்கிரும்.

பெரும்பாலான பேஸ்பால் கேப் ஆறு துண்டு துணி சேர்த்துத் தைச்சதுதான், உள்ள அந்த ஜாயிண்ட் எல்லாத்து மேலயும் நாடா வச்சு மூடியிருக்கான்னு பாருங்க, பிசிறு வெளிய தெரிஞ்சா எடுக்காதீங்க.

அடுத்தது முன்னாடி நீளுற பாகம், இதுக்கு நேரம் எடுத்துக்கங்க. 1860 வாக்குல அமெரிக்காவுல புரூக்ளின்ல எக்செல்சியர்ஸ்ங்கற பேஸ்பால் டீம் இந்த மாதிரி கேப் போட்டப்பவே கண்ணுல வெயில் அடிக்காம இருக்கத்தான் இது. உள்ள அட்டை இருந்தா ஐப்பசி மழைல ரெண்டு தடவ நனைஞ்சா போதும், ஊறி மடிப்பு விழுந்துரும், அப்பறம் நேராவே ஆகாது. பிளாஸ்டிக் இருக்கறதத்தான் வாங்கணும். லேசா வளைச்சு விடுங்க, பழையபடி நிமிர்ந்தா பிளாஸ்டிக், வளைஞ்சபடியே நின்னா அட்டை. மேல வரிசையா ஓடுற தையல் ஒண்ணுக்கொண்ணு சம இடைவெளில இருக்கணும், கோணலா இருந்தா அவசரத்துல தைச்சதுன்னு அர்த்தம்.

பின்னாடி சைஸ் கூட்டிக் கொறைக்கற இடத்துல பிளாஸ்டிக் பட்டன் வெயில்ல காஞ்சு ஒடியும், வெல்க்ரோல வைக்கோல் தூசி ஏறி பிடிக்காமப் போகும், துணி வாரும் பக்கிளும்தான் என் சாய்ஸ். சைஸ் பாக்க புருவத்துக்கு ஒரு விரல் மேல டேப் சுத்தி அளங்க. கேப் காதையும் கழுத்தையும் மூடாது, தலைல துண்டு போட்டு அதுக்கு மேல கேப் வைக்கறவங்க கொஞ்சம் லூசாவே வாங்குங்க.

மெஷின்ல போடாதீங்க, பச்சத் தண்ணில கையால அலசி, ஒரு சொம்பக் கவுத்து அது மேல மாட்டி நிழல்ல காய விடுங்க, முறுக்கிப் பிழியாதீங்க. வயல்லேருந்து வந்ததும் அந்தப் பட்டிய மட்டும் தினமும் தண்ணி தொட்டுத் தொடச்சா உப்பு படியாது.