குவாடல்கனால் போரைக் குழம்பாமல் படிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய பசிபிக் போரைப் படிக்கிறவர்கள் பேர்ல் ஹார்பர், மிட்வே, அப்புறம் நேராக அணுகுண்டு என்று தாவிவிடுவார்கள். நடுவில் 1942 ஆகஸ்டிலிருந்து 1943 பிப்ரவரி வரை இழுத்த குவாடல்கனால் தீவுப் போரில் பாதியிலேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஒரே தீவைச் சுற்றி ஆறேழு பெரிய கடற்சண்டைகள், ஏகப்பட்ட கப்பல் பெயர்கள், யார் ஜெயிக்கிறார்கள் என்றே பிடிபடாது. கப்பல் பட்டியலை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள், இரண்டு நிறப் பேனா, ஒரு கடிகாரக் கணக்கு, இவ்வளவு போதும்.

தாளின் இடது மேல் மூலையில் ரபவுல் என்று எழுதுங்கள், அதுதான் ஜப்பானியர்களின் பெரிய தளம். வலது கீழ் மூலையில் குவாடல்கனால். நடுவே சாலமன் தீவுகள் இரண்டு வரிசையாக இறங்கும், அந்த வரிசைகளுக்கு இடையிலுள்ள நீண்ட கடல்வழியை அமெரிக்கர்கள் ஸ்லாட் என்றார்கள். இரண்டு மூலைக்கும் இடையே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ரபவுலிலிருந்து கிளம்பும் ஜீரோ என்ற ஜப்பானியப் போர் விமானத்தின் விமானி இவ்வளவு தூரம் பறந்து, சில நிமிடம் சண்டை போட்டு, திரும்ப அதே தூரம் போக வேண்டும். அடிபட்ட விமானம் வீடு சேராது. போதாக்குறைக்கு வழியில் பூகன்வில் தீவில் ஒளிந்திருந்த ஆஸ்திரேலியக் கண்காணிப்பாளர்கள் வானொலியில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, குவாடல்கனாலின் வடகரையில் லுங்கா முனைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ஜப்பானியர்கள் அங்கே ஒரு ஓடுதளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று இறங்கிய அமெரிக்க மரைன் படை (கடல்வழியாக வந்து கரையிறங்கிப் போரிடும் படை) மறுநாளே அதைப் பிடித்தது, வேலையை முடித்து, மிட்வே சண்டையில் இறந்த மரைன் விமானி ஹெண்டர்சனின் பெயரை வைத்தது. ஆகஸ்ட் 20-ல் முதல் போர் விமானங்கள் வந்து இறங்கின. இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த வட்டத்துக்காகத்தான். இச்சிகி, கவாகுச்சி, மருயாமா என்ற ஜப்பானியத் தளபதிகள் அடுத்தடுத்து நடத்திய தரைத்தாக்குதல்களும் சரி, அக்டோபர் 13 இரவில் கொங்கோ, ஹருனா என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் 900-க்கும் மேற்பட்ட குண்டுகளைக் கொட்டியதும் சரி. எங்கே குழம்பினாலும் "இதற்கும் ஓடுதளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேளுங்கள், பதில் கிடைத்துவிடும்.

இப்போது கடிகாரம், என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். பகலில் நடந்ததை ஒரு நிறத்திலும் இரவில் நடந்ததை இன்னொரு நிறத்திலும் எழுதுங்கள். பகலில் கடல் ஹெண்டர்சன் விமானங்களின் கையில், இரவில் பெரும்பாலும் ஜப்பானியர்களின் கையில். குண்டுவீச்சு விமானங்கள் சுமார் 200 கடல் மைல் வரை வந்து அடிக்கும். 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் ஓடும் நாசகாரிக் கப்பல் அந்தத் தூரத்தைக் கடக்க ஆறேழு மணி நேரமாகும். ஆகவே பொழுது சாயும்போது எல்லைக்குள் நுழைந்து, நள்ளிரவு வாக்கில் கரையருகே வந்து, அவசர அவசரமாக இறக்கிவிட்டு, விடிவதற்குள் தப்பிக்க வேண்டும். டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கிய ஓட்டம் இதுதான். ஆளை இறக்கலாம், ஆனால் கனரக பீரங்கியையும் மூட்டை மூட்டையாக அரிசியையும் நாசகாரியில் எவ்வளவுதான் ஏற்ற முடியும்? மெதுவாகப் போகும் சரக்குக் கப்பலுக்கோ ஒரு இரவு பத்தாது. நவம்பர் நடுவில் 11 சரக்குக் கப்பல்களை அனுப்பிப் பார்த்தார்கள். வழியிலேயே பகல் வெளிச்சத்தில் மாட்டி 7 போயின, மிச்சம் 4 கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டு அங்கேயே எரிந்தன.

அதன்பிறகு வந்த யோசனையைப் பாருங்கள். இரும்புப் பீப்பாய்களில் உணவை நிரப்பி, கயிற்றால் கோத்து, கரைக்குப் பக்கத்தில் கடலில் தள்ளிவிட்டுக் கப்பல் திரும்பிவிடும். கரையிலிருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 3 இரவில் ஜப்பானியத் தளபதி தனகா ரைசோவின் கப்பல்கள் 1,500 பீப்பாய்களைத் தள்ளின, கரை சேர்ந்தது சுமார் 310. இழுக்க வேண்டியவர்களுக்கே தெம்பில்லை, விடிந்ததும் மிதந்துகொண்டிருந்தவற்றை அமெரிக்க விமானங்கள் சுட்டு மூழ்கடித்தன. இந்தத் தீவில் ஜப்பானியர்கள் பெருமளவில் பசியாலும் நோயாலும் ஏன் செத்தார்கள் என்பதற்கு இந்த ஓர் இரவே விளக்கம்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானியக் கடற்படைக் குறிப்புகள் டோக்கியோ நேரத்தில் இருக்கும், அது தீவின் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்தங்கியது. குவாடல்கனாலுக்குப் பக்கத்தில் நடந்த சாவோ தீவுச் சண்டை அமெரிக்கக் கணக்கில் ஆகஸ்ட் 9 அதிகாலை ஒன்றரை மணி தாண்டி, ஜப்பானியக் கணக்கில் 8-ஆம் தேதி இரவு. இரண்டையும் கலந்தால் ஒரே சண்டை இரண்டாகிவிடும். அந்தச் சண்டையில் ஜப்பானியத் தளபதி மிகாவா எதிரியின் நான்கு க்ரூசர் போர்க்கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, அவர்களுடைய சரக்குக் கப்பல்களைத் தொடாமலே திரும்பினார். அதற்காக அவரைத் திட்டாத ஆளில்லை. கடிகாரத்தைப் பாருங்கள், விடிந்தால் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் துரத்தும் என்று அவர் பயந்தார். அவை ஏற்கெனவே விலகத் தொடங்கிவிட்டது அவருக்குத் தெரியாது. அவரை முழுக்கக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயர்கள் மண்டையைக் குடைந்தால் தரப்புக்கு ஒரு விமானந்தாங்கிக் கப்பலை மட்டும் எடுத்துப் பின்தொடருங்கள். அமெரிக்கப் பக்கம் என்டர்பிரைஸ், ஜப்பான் பக்கம் ஜுய்காக்கு. 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய அணியில் இருந்த அதே ஜுய்காக்குதான் அக்டோபரில் குவாடல்கனாலுக்காக நடந்த சாண்டா குரூஸ் கடற்சண்டைக்கும் வந்தது. அது மூழ்கியது 1944-ல், பிலிப்பைன்ஸ் பக்கம் நடந்த லேய்த்தே சண்டையில்.

இதே முறையை 1943 நவம்பரில் பசிபிக்கின் தாராவா தீவில் அமெரிக்கர்கள் இறங்கிய சண்டைக்குப் போடப் போகிறீர்கள் என்றால் கடிகாரத்தோடு கடல் ஓதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நீர்மட்டம் போதுமான அளவு ஏறாததால் தரையிறங்கும் படகுகள் பவளப்பாறையைத் தாண்ட முடியாமல் நின்றன, மரைன்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தண்ணீரில் நடந்தே கரைக்குப் போக வேண்டியிருந்தது.