பியூரிட்டன் பெண்ணின் பூர்வீகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியூரிட்டன்கள் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய 16, 17ஆம் நூற்றாண்டுக் கிறித்தவர்கள். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்த சூசன்னா வைட் யாருடைய மகள்? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் ஒரு தவறான பதில்தான் புழக்கத்தில் இருந்தது. சூசன்னா ஒன்றும் பெயர் தெரியாத பெண் அல்ல. 1620-ன் கடைசியில், கப்பல் கேப் காட் கரையோரம் நங்கூரமிட்டு நின்றபோதே பெரெக்ரின் என்ற ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தவர். 1621 பிப்ரவரியில் கணவர் வில்லியம் வைட் இறந்துபோனார். அதே ஆண்டு மே மாதம் எட்வர்ட் வின்ஸ்லோவை மணந்தார். மேஃப்ளவரில் வந்தவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தில் நடந்த முதல் திருமணம் அது. இவ்வளவு பேசப்பட்ட ஒரு பெண்ணையே வேறொரு குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

காரணம் ஒரு திருமணப் பதிவு. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1612-ல் ஒரு வில்லியம் வைட், ஆன் ஃபுல்லர் என்ற பெண்ணை மணந்திருக்கிறார். மேஃப்ளவரில் சாமுவேல் ஃபுல்லர் என்றொருவரும் வந்திருந்தார். சரி, எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைத்து, ஆன் என்பதும் சூசன்னா என்பதும் ஒரே பெயர்தான் என்று வைத்துக்கொண்டார்கள். வில்லியம் வைட் அன்றைக்கு எவ்வளவு சாதாரணமான பெயர் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் சரியான துப்பு கையிலேயே இருந்தது. எட்வர்ட் வின்ஸ்லோ 1623-ல் எழுதிய ஒரு கடிதம், ராபர்ட் ஜாக்சன் என்பவரை மாமா முறை வைத்து அழைத்து, தன் மனைவியின் நலத்தைச் சொல்கிறது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்து ஆவணங்களில் தேடியவர்கள்தான், சூசன்னா ஸ்க்ரூபி ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜாக்சனின் மகள் என்று அண்மைக் காலத்தில் காட்டினார்கள்.

பெயர் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பெண்ணை இன்னொருவரின் மகளாக்குவது இந்தத் துறையின் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுதான். 1620 முதல் 1640 வரை சுமார் 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்குப் போனார்கள். இங்கிலாந்தின் பங்குத் தேவாலயங்கள் 1538 முதல் பதிவேடு வைத்திருக்கின்றன. ஆகவே அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் ஒரு பெண் அங்கே கிடைப்பது கஷ்டமே இல்லை. கிடைத்தவள் அதே ஊரில் சிறுமியாகவே இறந்துவிட்டாளா, வேறு யாரையாவது மணந்தாளா என்று அதே பதிவேட்டில் பார்த்துவிட வேண்டும். அநேகம் பேர் இதைச் செய்வதில்லை.

அவள் பெயரில் மட்டும் தேடுவது

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை கிடையாது. கணவரின் சம்மதம் இல்லாமல் உயில்கூட எழுத முடியாது. அதனால் அவள் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அவள் இருப்பது அப்பாவின் உயிலில், சகோதரனின் சொத்துக் கணக்கில், நிலம் விற்ற பத்திரத்தில். விதவைக்குக் கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுக்க அனுபவிக்கும் உரிமை இருந்தது. கணவர் நிலத்தை விற்கும்போது அந்த உரிமையை அவள் விட்டுக்கொடுப்பதாகப் பத்திரத்தில் அவள் பெயர் வருவதுண்டு. சில பெண்களுக்கு முதல் பெயர் தெரிவதே அந்த ஒரு வரியால்தான்.

மேரி டயரின் கதை இதற்கு நல்ல உதாரணம். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் நம்பிக்கைக்காக 1660 ஜூன் 1 அன்று பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டவர். அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் பாரெட் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று, 1633 அக்டோபர் 27 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் நடந்த திருமணத்தின் பதிவு. இன்னொன்று, அடுத்த ஜனவரியில் அவருடைய சகோதரர் வில்லியம் பாரெட்டின் சொத்தை நிர்வகிக்க டயர் தம்பதிக்குக் கொடுத்த உத்தரவு. இரண்டாவது ஆவணம் சகோதரருடையது. மேரியின் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் அதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

இதே மேரி டயரை அரச குலத்தில் சேர்த்துவிட்ட ஒரு கதையும் உண்டு. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் உறவினரான ஆர்பெல்லா ஸ்டூவர்ட் 1610-ல் ரகசியமாக மணம் செய்துகொண்டு, 1615-ல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். அவருக்கு ஒளித்து வளர்க்கப்பட்ட ஒரு மகள் இருந்தாள், அவள்தான் மேரி என்கிறது அந்தக் கதை. ஆர்பெல்லாவுக்குக் குழந்தை பிறந்ததற்கே ஆதாரம் இல்லை. ஆனாலும் இணையத்தில் இருக்கும் குடும்ப மரங்களில் இந்தக் கதை இன்னும் உயிரோடு உலவுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கொண்ட கொள்கைக்காக உயிரைக் கொடுத்த ஒரு பெண்ணுக்குப் பெருமை சேர்க்க ராஜ ரத்தம் எதற்கு?

இப்படிப்பட்ட கதைகளைக் காசுக்குத் தயாரித்தவர்களும் இருந்தார்கள். சுவீடனில் பிறந்த குஸ்டாவ் அஞ்சூ (1863–1942) பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதிக்கொடுத்தார். உண்மையான ஆவணங்கள் நிறைய இருக்கும், நடுவே இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் இணைக்கும் இடத்தில் மட்டும் கற்பனை இருக்கும். ஆகவே பழைய அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. எங்கே கடல் தாண்டுகிறதோ அந்தக் கண்ணியைத்தான் முதலில் உரசிப் பார்க்க வேண்டும்.

தேதியை அப்படியே எடுத்துக்கொள்வது

1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ல். போதாக்குறைக்கு, பியூரிட்டன்களில் பலர் மாதப் பெயர்களை ரோமானியத் தெய்வங்களின் மிச்சம் என்று ஒதுக்கி எண்ணால் எழுதினார்கள். முதல் மாதம் என்றால் மார்ச், பன்னிரண்டாம் மாதம் என்றால் பிப்ரவரி. இது தெரியாமல் படித்தால், 1640 மே மாதம் திருமணமான பெண்ணுக்கு 1640 பிப்ரவரியில் குழந்தை பிறந்ததாகத் தெரியும். உடனே ஓர் அவசரக் கல்யாணக் கதை எழுதிவிடுவோம். உண்மையில் அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1641.

மதக் கருத்துகளுக்காக மாசசூசெட்ஸில் தண்டிக்கப்பட்ட ஆன் ஹட்சின்சன் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாசசூசெட்ஸ் பொது நீதிமன்றம் அவரை விசாரித்து நாடுகடத்தத் தீர்ப்பளித்தது 1637 நவம்பரில். பாஸ்டன் தேவாலயச் சபை அவரை விலக்கிவைத்தது நம் கணக்கில் 1638 மார்ச் 22. பழைய கணக்கில் இரண்டுமே 1637-தான். கவனிக்காமல் வரிசைப்படுத்தினால் சபைவிலக்கம் விசாரணைக்கு முன்னால் போய் நின்று, நடந்தது எல்லாமே தலைகீழாகிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் இப்படிப்பட்ட தேதிகளை 1637/38 என்று இரட்டையாக எழுதுகிறார்கள்.

ஆன் 1591 ஜூலை 20-ல் பிறந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது லிங்கன்ஷயரின் ஆல்ஃபர்டில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்த நாள். பிறந்த நாள் எந்தப் பதிவிலும் இல்லை. நியூ இங்கிலாந்தில் இந்த இடைவெளி இன்னும் கூடும். தாயோ தகப்பனோ சபையில் உறுப்பினரான பிறகுதான் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் என்பதால், ஒரே நாளில் மூன்று நான்கு பிள்ளைகள் பதிவாகியிருப்பார்கள். அவர்களை ஒரே பிரசவத்தில் பிறந்தவர்களாக்கிவிடக் கூடாது.

ஆனுக்கு சூசன்னா என்ற பெயரில் இரண்டு மகள்கள். மூத்தவள் 1614-ல் ஞானஸ்நானம் பெற்று 1630-ல் இறந்தாள். 1633-ல் பிறந்த பெண்ணுக்கும் அதே பெயரை வைத்தார்கள். 1643-ல் தாயும் உடனிருந்த பிள்ளைகளும் கொல்லப்பட்டபோது ‘சிவனாய்’ என்ற அமெரிக்கப் பழங்குடியினரிடம் சிறைப்பட்டு, பின்பு மீண்டுவந்து 1651-ல் பாஸ்டனில் ஜான் கோலை மணந்தவள் இந்த இளையவள்தான். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் சகஜம். இரண்டு சூசன்னாக்களையும் ஒருத்தியாக்கினால் ஒரு மகளின் வாழ்க்கையே காணாமல் போகும்.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். பழைய உயிலில் ‘மதர் இன் லா’ என்று இருந்தால் மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். ‘கசின்’ என்பவள் உடன்பிறந்தாரின் மகளாகவும் இருக்கலாம். ‘பிரதர்’ வெறும் சபைச் சகோதரராகவும் இருக்கலாம். ‘மிசஸ்’ என்ற அடைமொழி காட்டுவது அந்தஸ்தை. மணமாகாத பெண்ணுக்கும் அது வரும். அப்புறம், ‘என் இப்போதைய மனைவி’ என்று ஒருவர் உயிலில் எழுதியிருந்தால் முந்தைய மனைவி ஒருத்தி இருந்தாள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தான் இறந்தபின் யாரும் குழம்பக் கூடாது என்பதற்கான சட்ட மொழி அது.

திருமணப் பதிவை சபைப் புத்தகத்தில் தேடி ஏமாறுவதும் வழக்கமாக நடப்பதுதான். மாசசூசெட்ஸ் பியூரிட்டன்களுக்குத் திருமணம் ஒரு சிவில் ஒப்பந்தம். 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதை நடத்திவைத்தவர் போதகர் அல்ல, மாஜிஸ்திரேட். எனவே ஊர்ப் பதிவேட்டையும் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பதிவேட்டையும் பாருங்கள். பிளிமத் 1691 வரை தனிக் குடியேற்றம், அதன் பதிவேடுகளும் தனி. பாஸ்டன் ஏட்டில் பிளிமத் பெண்ணைத் தேடி இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

மரபணுப் பரிசோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். 12 தலைமுறை பின்னால் போனால் மூதாதையருக்கான இடங்கள் 4,096. அவர்களில் ஒரு குறிப்பிட்ட பெண்ணிடமிருந்து உங்களுக்கு எதுவுமே வராமல் போயிருக்கவும் கூடும். தாய்வழி மைட்டோகாண்ட்ரியா பரிசோதனை மட்டும் உதவலாம். அதற்கும் அந்தப் பெண்ணிலிருந்து இன்றுவரை அறுபடாமல் மகள், மகளின் மகள் என்று வந்த வழியில் ஒருவர் கிடைக்க வேண்டும். அந்த வழியை உறுதிசெய்யத் திரும்பவும் காகித ஆவணத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்காவிட்டால், குடும்ப மரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். எந்தெந்த ஏடுகளைப் பார்த்தீர்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பார்த்தீர்கள் என்பதைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்துத் தேடுபவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.