ஆஸ்பத்திரி பிளான் போட ஆசையா? ட்ரொலிக்குப் பின்னால் நடந்து பாருங்கள்

மொரட்டுவையில் கட்டடக் கலை படித்தாலும் சரி, கொழும்பில் வேலை செய்துகொண்டே படித்தாலும் சரி, ஆஸ்பத்திரியும் லெப்பும் வரையத் தனிப் பட்டம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பட்டயம், பதிவு எல்லாம் மற்றக் கட்டடக் கலைஞர்களுக்கு உள்ளதுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு.

முதலில் அனுமதி எடுத்துக்கொண்டு ஒரு வார்ட்டில் முழு ஷிஃப்ட் நில்லுங்கள். பெரிய டொக்டரிடம் பேசுவதை விட, ட்ரொலி தள்ளும் சிற்றூழியரின் பின்னால் நடப்பதுதான் பிரயோசனம். நான் முதன்முதலில் வரைந்த பிளானில் கட்டில் அழகாகத்தான் திரும்பியது, ஆனால் சேலைன் ஸ்டாண்டையும் ஒக்சிஜன் சிலிண்டரையும் அவற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடும் ஆளையும் நான் வரையவே இல்லை. கட்டில் போகும் நடைபாதைக்கு 2.4 மீற்றர் ஏன் கேட்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தட்டுத்தடுமாறியாவது சிங்களம் பேசுங்கள். நிலம் கழுவுகிற அக்காவுக்குத் தெரிந்த குறை எந்தக் கூட்டத்திலும் வெளியே வராது.

அடுத்தது காற்று, உண்மையான படிப்பே இதுதான். சத்திரசிகிச்சை அறையில் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. காசநோயாளியின் தனி அறையில் நேரெதிர், உள்காற்று வெளியே போகக்கூடாது. அமெரிக்காவின் ஆஷ்ரே 170 தரநிலை சத்திரசிகிச்சை அறைக்கு மணிக்கு 20 தடவையும் அந்தத் தனி அறைக்கு 12 தடவையும் காற்று மாற வேண்டும் என்கிறது. இவ்வளவு காற்றைக் கொண்டுபோகும் குழாய் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசியுங்கள். அது சீலிங்குக்கு மேலேதான் ஓடும், ஆகவே மாடியின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன்பே ஏசி எஞ்சினியரைக் கூப்பிடுங்கள், பிறகு கெஞ்சிப் பயனில்லை. கொழும்பின் ஈரக் காற்றுக்குக் குளிர்ந்த குழாய் சரியாக மூடப்படாவிட்டால் வேர்த்து ஒழுகும், கொஞ்ச நாளில் சீலிங்கில் பூஞ்சணம். கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்து விட்டால் அழுத்தக் கணக்கு முழுவதும் வீண், அதனால் ஏன் திறந்து வைக்கிறார்கள் என்று கேட்டு, அந்தக் காரணத்தைப் பிளானில் தீர்த்துவிடுங்கள்.

லெப்பென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் கையேட்டை, 2020இல் வந்த 4ஆம் பதிப்பை, இலவசமாக இறக்கி வாசியுங்கள். கிருமி மாதிரிகளைக் கையாளும் காற்றோட்டப் பெட்டியான பாதுகாப்பு கெபினட்டைக் கதவுக்குப் பக்கத்திலோ ஏசி காற்று அடிக்கும் இடத்திலோ வைக்காதீர்கள், அதன் முன்னால் இருக்கும் காற்றுத் திரை குழம்பிவிடும். நம் ஊரின் சீலிங் ஃபேனும் அதே அநியாயத்தைத்தான் செய்யும். கட்டடக் கலைஞர் லூயி கான் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் லெப் மாடிகளுக்கு நடுவே குழாய்களுக்கென்றே தனி மாடி விட்டார், நமக்கு அந்த வசதி கிடைக்காது, என்றாலும் குழாயைத் திருத்த ஆள் நுழைய இடமாவது விடலாம்.

எக்ஸ்ரே அறை என்றால் கதிர் வெளியே போகாதபடி சுவரின் தடுப்புக் கணக்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபைக்காக ஆரம்பத்திலேயே ஆயத்தப்படுத்துங்கள். எம்ஆர்ஐ காந்தம் டொன் கணக்கில் பாரம், அது எந்த வழியால் உள்ளே வரும் என்று சுவர் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

அலுவலகத்தில் அறைக்கு அறை பிளக், சிங்க், காஸ் லைன் எல்லாம் எழுதும் பட்டியல் வேலையை யாரும் விரும்பமாட்டார்கள். அதை நீங்களே கேட்டு வாங்குங்கள், இரண்டு வருடத்தில் எல்லோரும் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

கட்டடம் திறந்து ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள். சுவரில் கையால் எழுதி ஒட்டிய அம்புக்குறி இருந்தால் அது உங்கள் பிழை. மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தால் பெரிய பிழை.