தகட்டுக் கவசம் செய்விப்பது எப்படி: மட்டக்களப்பு வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். அந்தக் காலத்துப் படைவீரன் ஒருவனைப் பாடசாலை மேடையிலோ மரபுரிமைக் கண்காட்சியிலோ அவன் நடந்த விதமாகவே நடக்கவைக்க விரும்புவோர், பெரும்பாலும் தலை முதல் கால்வரை மூடிய முழுக் கவசத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு செய்பவரைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்த முழுக் கவசம் மிலான், அவுக்ஸ்பேர்க், நியூரம்பேர்க் போன்ற நகரங்களின் பட்டறைகளில் 15ஆம் நூற்றாண்டில் முதிர்ச்சி பெற்றது; பெரும்பாலும் செல்வந்தரான குதிரைவீரருக்குரியது. 1628இல் கோட்டைக்குள் நின்ற காலாட்படை வீரனுக்கு மார்புக்கவசம், முதுகுக்கவசம், முன்னும் பின்னும் விளிம்பு கூர்ந்து நிமிரும் மோரியன் தலைக்கவசம், வேண்டுமானால் கழுத்துத்தகடு ஆகியவையே போதும். ஆகவே எந்த ஆண்டு, எந்த நாட்டவன், எந்தத் தரத்து வீரன் என்ற மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் யாரிடமும் விலை கேட்க வேண்டாம்.

அடுத்து, இன்றும் எஞ்சியிருக்கும் ஓர் அசலை மாதிரியாகத் தேர்ந்தெடுங்கள். இலண்டனின் வாலஸ் சேகரிப்பு, லீட்ஸின் றோயல் ஆர்மரிஸ், நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஆகிய அருங்காட்சியகங்கள் தம் கவசங்கள் பலவற்றின் படங்களை அளவும் எடையும் சேர்த்து இணையத்தில் வெளியிட்டிருக்கின்றன. எடையைக் கட்டாயம் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டு முழுக் கவசமே பொதுவாக 20 முதல் 25 கிலோ வரைதான் இருந்தது. அக்காலக் கொல்லர் மார்பின் நடுவில் தகட்டைத் தடிப்பாக விட்டு, ஓரங்களை நோக்கி மெலித்துக்கொண்டு போனார்கள். இன்றைய மலிவான பிரதிகள் ஒரே தடிப்புள்ள தகட்டில் வெட்டப்படுவதால் வீணாகக் கனக்கின்றன.

கவசத்துக்கு முன் உள்ளங்கி தயாராக வேண்டும். இந்த ஒழுங்கை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது, ஏனென்றால் கவசம் உடம்பின்மேல் அல்ல, பஞ்சு வைத்துத் தைத்த அங்கியின்மேல்தான் உட்காருகிறது. ஐரோப்பாவில் இதற்கு லினன் துணி பயன்பட்டது. நமக்கு மருதமுனைத் தறியில் நெய்த தடித்த பருத்தித் துணி நன்றாகவே பொருந்தும். நல்ல தையற்காரர் ஒருவரிடம் படத்தையும் அளவையும் கொடுத்தால் உள்ளூரிலேயே தைத்துக்கொள்ளலாம். நம் வெயிலுக்குப் பஞ்சைத் தோளிலும் காறை எலும்பின்மேலும் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் இரண்டு மடிப்புத் துணியோடு நிறுத்திவிடுவதே என் பரிந்துரை.

அந்த அங்கியை அணிந்துகொண்டுதான் அளவெடுக்க வேண்டும். இங்கே அதிகமாக நிகழும் பிழை மார்புக்கவசத்தின் நீளம். அது விலா எலும்பு முடிந்து உடல் ஒடுங்கும் இடையில், ஏறத்தாழத் தொப்புள் மட்டத்தில் முடிய வேண்டும். நாம் காற்சட்டை கட்டும் இடம்வரை இறங்கக்கூடாது. இறங்கினால், உட்காரும்போது தொடை கீழ்விளிம்பைத் தள்ள, மேல்விளிம்பு தொண்டையை இடிக்கும். சரியாக முடிந்தால் எடையின் ஒரு பங்கை இடையே தாங்கிக்கொள்ளும், தோள் அறுபடாது. கைக்குழியும் உட்பக்கமாக நன்கு வெட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு கைகளையும் முன்னே கொண்டுவந்து ஒன்றாகப் பிடிக்க முடியாதவனால் ஈட்டியைத் தூக்க இயலாது. காட்போட் மட்டையில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டி, நாடாவால் கட்டி, குனிந்தும் உட்கார்ந்தும் படியேறியும் பாருங்கள். தடுக்கும் இடத்தை வெட்டிச் சரிப்படுத்திய பின் அந்த மட்டையையே செய்பவருக்கு அனுப்புங்கள். எண்களின் பட்டியலைவிட அது தெளிவாகப் பேசும்.

உலோகத்துக்கு மென்னுருக்கு போதுமானது: மார்புக்கு 1.5 முதல் 2 மில்லிமீற்றர், கழுத்துத்தகட்டுக்கு 1 மில்லிமீற்றர் அளவில். துருப்பிடிக்காத உருக்கு பராமரிப்புக்கு இலகு. ஆனால் அதன் வெண்பளபளப்பு அக்காலத்து நிறம் அல்ல.

செய்பவரைத் தேடும்போது, இந்தியாவில் டெஹ்ராடூன் பக்கத்துப் பட்டறைகள் இவ்வகைப் பிரதிகளை ஏற்றுமதி செய்கின்றன என்பதை அறிந்திருங்கள். ஐரோப்பியக் கைவினைஞர் கூடுதல் விலை கேட்பார்கள். மார்பும் முதுகும் மட்டும் என்றால், வாகனங்களுக்கு ரிங்கர் வேலை செய்யும் கைதேர்ந்த ஒருவரிடமே உள்ளூரில் கொடுத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன், ஏனெனில் தகட்டை அடித்து வளைக்கும் கை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் இருந்து பொருத்திப் பார்க்கவும் முடியும். தலைக்கவசத்தை மட்டும் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். ஒரே தகட்டிலிருந்தோ இரண்டு பாதிகளை இணைத்தோ அதன் முகட்டை எழுப்புவது வேறு வித்தை. எவரானாலும் முற்பணம், தகட்டின் தடிப்பு, முடிக்கும் காலம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். தறையாணி அடிப்பதற்கும் மெருகிடுவதற்கும் முன் படம் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதற்குப் பிறகு திருத்துவது கடினம். வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் சுங்கத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாளை ஒருபோதும் அதே பொதியில் சேர்க்க வேண்டாம்.

கைக்கு வந்த கவசத்தை முதலில் காலையில், நிழலில், சிறிது நேரம் மட்டும் அணியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலில் அணிவது உயிருக்கே ஆபத்து. கவசத்தைக் கழற்றத் தெரிந்த ஒருவர் தண்ணீரோடு எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வாவியின் உப்புக்காற்றில் மென்னுருக்கு மிக விரைவில் துருவேறும். வியர்வை பட்ட தகட்டை அன்றே துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் காறிப்போய்ப் பிசுபிசுக்கும், வேண்டாம். மாரி காலத்தில் தோல்வார்களில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வார்களைத் தறையாணியால் நிரந்தரமாக அடிக்காமல் கழற்றக்கூடியதாக அமைக்கச் சொல்லி, அவற்றைத் தனியே உலர்ந்த இடத்தில் தொங்கவிட்டு வையுங்கள்.