மெடிக்கல் சீட் கிடைக்குமா? கணக்குப் போடும்போது நம் பக்கம் நடக்கும் தவறுகள்

நீட் விடைக்குறிப்பு வெளியான அன்றைக்கே கோபியிலிருந்து தாராபுரம் வரை ஒரே கேள்விதான் சுற்றும்: "இத்தன மார்க் வருதுங்க, கவர்மெண்ட் சீட் கிடைக்குமுங்களா?" கேட்கப்படுபவர் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு பதில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது போன வருடம் சொந்தத்தில் ஒரு பையன் வாங்கிய மார்க்கை வைத்துச் சொல்லும் பதில். அதை நம்பி ஒரு குடும்பம் ஒரு வருடத்தையும் சில லட்சங்களையும் செலவழிக்கிறது. சில வீடுகளில் பிள்ளையின் தூக்கமும் அதோடு போகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மார்க்கை மட்டும் சொன்னால் யாராலும் சரியான பதில் தர முடியாது. உங்கள் பிள்ளைக்கு எந்தெந்த ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க உரிமை இருக்கிறது, அந்த ஒவ்வொரு வரிசையிலும் எத்தனையாவது இடம் என்ற இரண்டும் தெரிய வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் விடுவதால் வருபவை.

போன வருட மார்க்கைப் பிடித்துக்கொள்வது

2024இல் முதலில் வந்த பட்டியலில் 67 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். திருத்திய பட்டியலிலும் 17 பேர் முழு மார்க்கில் இருந்தார்கள். 2025இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மார்க் 686. இயற்பியல் கேள்விகள் அவ்வளவு கடினம். அந்த ஒரே வருடத்தில் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கடைசி மார்க் நூறுக்கும் மேல் இறங்கியது. 2024 கட்-ஆஃபைச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்த பிள்ளைகள், 2025 தேர்வு முடிந்த சாயங்காலம் எல்லாம் போச்சென்று அழுதார்கள். அவர்களில் பலருக்கு சீட் கிடைத்தது. அடுத்து எழுதுபவர்கள் 2025 மார்க்கைப் பார்த்து, இவ்வளவு போதும் என்று இருந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

நம் பெற்றோர்கள் மார்க்கை இப்படிப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை 200க்குக் கணக்கிட்டுத்தான் சீட் கொடுத்தார்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகள் ஊரெங்கும் பேசப்பட்டது அந்தக் காலத்தில்தான். அந்தக் கட்-ஆஃப் வருடத்துக்கு வருடம் கால் மார்க், அரை மார்க் என்றுதான் நகரும். போன வருடத்தது இந்த வருடமும் ஓரளவு செல்லும். நீட்டில் அது செல்லாது.

ரேங்க்கைப் பாருங்கள். இடங்களின் எண்ணிக்கை மெதுவாகத்தான் மாறுகிறது என்பதால், எந்த ரேங்க் வரை சீட் போனது என்பது மார்க்கைப் போலத் துள்ளாது. மாநிலத் தேர்வுக் குழு தரவரிசைப் பட்டியலையும், ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எந்தக் கல்லூரி என்ற ஒதுக்கீட்டுப் பட்டியலையும் வெளியிடுகிறது. இரண்டு மூன்று வருடப் பட்டியல்களை எடுத்து, உங்கள் பிரிவில் கடைசியாகச் சீட் வாங்கியவரின் ரேங்க்கைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றோடு நிறுத்த வேண்டாம். மேலே இருப்பவர்கள் வேறு இடங்களுக்கு நகர நகர, கடைசிச் சுற்றுவரை வரிசை கீழே இறங்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், தேர்ச்சியைச் சீட் என்று எண்ணுவது. 2025இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மார்க் 144, ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 113. தேர்வு எழுதிய 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேல் தகுதி பெற்றார்கள். அரசு, தனியார் எல்லாம் சேர்த்தும் நாட்டில் எம்பிபிஎஸ் இடங்கள் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். "நீட்டில் தேர்ச்சி" என்று பேனர் வைப்பதில் தப்பில்லை, அதை வைத்து அரசுக் கல்லூரியை எதிர்பார்க்க முடியாது.

எந்த வரிசையில் நிற்கிறோம் என்று பார்க்காமல் விடுவது

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியில் 100 இடம். அதில் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மிச்சம் 85இல் 7.5 சதவீதம், அதாவது 6 இடம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. விளையாட்டு, மாற்றுத்திறனாளி போன்ற சிறப்புப் பிரிவுகளை இப்போதைக்கு விட்டுவிட்டால், இருக்கும் 79இல் பொதுப்போட்டிக்கு 31 சதவீதம், சுமார் 24. பிசிக்கு 26.5 சதவீதம், சுமார் 21. மீதி பிசி முஸ்லிம், எம்பிசி, எஸ்சி, எஸ்சி அருந்ததியர், எஸ்டி பிரிவுகளுக்கு. "நூறு சீட்டு இருக்குதே" என்று நினைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அதே சமயம் பிசி மாணவருக்கு அந்த 21 மட்டும்தான் என்று பயப்படுவதும் தவறு. பொதுப்போட்டி இடங்கள் எந்தச் சமூகமானாலும் ரேங்க் வரிசைப்படி நிரம்பும். உங்களுக்கு முன்னால் இருக்கும் பிசி மாணவர்களில் பலர் அதிலேயே சீட் எடுத்துவிடுவார்கள். அதனால் கம்யூனிட்டி ரேங்க்கை பிசி இடங்களின் எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிட்டால், உண்மையில் இருப்பதைவிடக் குறைவான வாய்ப்புதான் கண்ணுக்குத் தெரியும்.

அகில இந்திய வரிசையில் பலர் சான்றிதழால் நழுவுகிறார்கள். மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதியானவர்கள் என்று ஒதுக்கப்படும் பிரிவில்) வராதவர் என்ற ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் அந்த ஆண்டுக்கு உரியதாக. 8 லட்சம் வருமான வரம்பு என்றதும், தோட்டம் துரவு இருக்கிறவர்கள் நமக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்த வருமானக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோரின் அரசுப் பதவியும் நிலத்தின் அளவும் தனி அளவுகோலில் பார்க்கப்படும். விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கவுன்சிலிங் தொடங்கியபின் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் நேரம் போதாது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை மில்களிலும் வேலை செய்பவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ இஎஸ்ஐயில் காப்பீடு பெற்றவராக இருந்தால், இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரிகளில் அவர்கள் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. கோவையிலேயே அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. அந்த வரிசையில் காப்பீடு பெற்றவர்களின் பிள்ளைகள் மட்டுமே போட்டி போடுகிறார்கள். அதற்கு இஎஸ்ஐ தரும் சான்றிதழ் வேண்டும், இடங்களை மத்திய கவுன்சிலிங் நிரப்புகிறது. சம்பளத்தில் மாதாமாதம் இஎஸ்ஐ பிடிக்கப்படும் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இனி, நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும், எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வருகிறது. "டாக்டராகோணும்னா நாமக்கல் பக்கம் போட்டாத்தானுங்க ஆகும்" என்று யாரோ சொல்ல, கடன் வாங்கிப் பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அந்த நாளோடு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நிற்கும் உரிமை போய்விடுகிறது. 2020இல் வந்த இந்தச் சட்டப்படி ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உரிமை உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது, பெயரில் "அரசு" என்று இருப்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். இந்த வரிசையின் கடைசி மார்க் பொது வரிசையைவிட வெகுவாகக் குறைவு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, லட்சக்கணக்கில் பணமும் கட்டி, பல மடங்கு நெருக்கடியான வரிசையின் கடைசியில் போய் நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நீட் பயிற்சி வேண்டுமென்றால் பிள்ளை அரசுப் பள்ளியிலேயே இருக்கட்டும், பயிற்சியை வெளியே தேடிக்கொள்ளலாம்.

மாதிரித் தேர்வு மார்க்கும் பயிற்சி மையத்தின் பேனரும்

மையத்தின் டெஸ்டில் ஒரே ஒரு தடவை வந்த அதிகபட்ச மார்க்கைத்தான் வீட்டில் எல்லோருக்கும் சொல்கிறார்கள். கடைசியாக எழுதிய முழுத் தேர்வுகள் ஏழெட்டை வரிசைப்படுத்தி, நடுவில் வரும் மார்க்கைப் பாருங்கள். அதோடு, பார்த்திராத முந்தைய நீட் தாள் ஒன்றை, மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் முடிக்கச் சொல்லுங்கள். மையத்தின் தாளில் ஏற்கெனவே பார்த்த கேள்விகள் திரும்ப வரும் என்பதால் மார்க் ஊதிக் காட்டும்.

தவறான விடையின் விலையையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 160 கேள்விக்கு விடை எழுதி 120 சரி என்றால் 480 மார்க். தவறான 40க்கு ஒவ்வொன்று கழிந்து 440 ஆகிவிடும். நம் பிள்ளைகள் பலருக்கு உயிரியல் கைகொடுக்கும், இயற்பியல் கணக்குகளில் இடறும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு வருடம் மனப்பாடம் செய்ய வைத்த பழைய பள்ளிப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன.

பேனரில் இத்தனை பேருக்கு மெடிக்கல் சீட் என்று போட்டிருந்தால், மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேளுங்கள். அதில் எத்தனை பேர் முதல் முறை எழுதியவர்கள், எத்தனை பேர் ரிப்பீட்டர்கள், எத்தனை அரசுச் சீட், எத்தனை வெளிநாட்டுச் சேர்க்கை என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த எண்ணை வைத்து உங்கள் பிள்ளையின் வாய்ப்பை அளக்க வேண்டாம்.

விருப்பப் பட்டியலும் பணமும்

கோவை, பெருந்துறை, சேலம், திருப்பூர், நாமக்கல், கரூர், ஊட்டி என்று நம் பக்கத்து அரசுக் கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. விளிம்பு ரேங்க்கில் இருக்கும் பிள்ளைக்கு ராமநாதபுரமும் நாகப்பட்டினமும் பட்டியலில் இல்லாவிட்டால், சீட் இருந்தும் இல்லாமல் போகும். இன்னொரு பயம், கோவையை முதலில் போட்டால் கரூர் கைநழுவும் என்பது. அப்படி நடக்காது. உங்கள் ரேங்க் வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாக எது காலியாக இருக்கிறதோ அது ஒதுக்கப்படும். ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள்.

பணக் கணக்கைக் கடைசியில் போடுவதும் தவறுதான். பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., கற்பகம் போன்ற தனியார் கல்லூரிகளின் கவர்மெண்ட் கோட்டா இடங்களும் மாநிலக் கவுன்சிலிங்கில்தான் வருகின்றன. கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு நான்கரை லட்சத்தை ஒட்டி ஆகும், விடுதியும் மற்றவையும் தனி. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் அதைப்போல் மூன்று மடங்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். குடும்பத்தால் எதுவரை முடியும் என்று ரேங்க் வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிட்டால், எந்த வரிசையைக் கணக்கில் எடுப்பது என்பது தெளிவாகிவிடும். சுற்றுகளின் விதிகளையும் முன்பே படித்துவிடுங்கள். பிந்திய சுற்றுகளில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகை போவதோடு, தடை வரைக்கும் போகும்.

ரிசல்ட் வந்த மறுநாளே போன் வரும். "மேனேஜ்மெண்ட்ல சொல்லி வாங்கித் தர்றனுங்க, அட்வான்ஸ் மட்டும் குடுங்க" என்பார்கள். மேனேஜ்மெண்ட் கோட்டாவும் நிகர்நிலை இடங்களும்கூட ரேங்க்படி கவுன்சிலிங்கில்தான் நிரம்புகின்றன. இடைத்தரகர் கையில் கொடுக்கிற பணத்துக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வெளிநாடு என்று சொல்பவர்களிடம், படித்து வந்தபின் இங்கே எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வைப் பற்றிக் கேளுங்கள். அதில் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குப் பேர் தேறுவதே அரிது.

பிளஸ் டூவைக் கைவிடுவது

நீட்தானே முக்கியம் என்று பிளஸ் டூ தேர்வை அலட்சியமாக எழுதும் பிள்ளைகள் நிறைய. நாமக்கல், உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மாநில இடங்களும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புகளும் இன்றும் 200க்குக் கணக்கிடும் பிளஸ் டூ கட்-ஆஃபில்தான் கிடைக்கின்றன. நர்சிங், பார்மசி படிப்புகளுக்கும் பிளஸ் டூ மார்க்தான். ரேங்க் விளிம்பில் இருக்கும் என்று தோன்றினால் இவற்றுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இவற்றின் கடைசித் தேதி கடந்துவிடக்கூடும்.