தட்டாம்பயறு வேரில் முடிச்சு: நான் செய்ததும் நீங்கள் செய்ய வேண்டாததும்

மதியம் துவண்டு கிடக்கிற தட்டாம்பயறுச் செடி சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால், தண்ணீர்தான் பத்தவில்லை என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவோம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு பருவம் முழுக்க நான் செய்தது அதைத்தான். சீக்கிரம் காய்கிற செம்மண், சந்தேகம் வேறு எதன் மேல் வரும்? ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்திருந்தால், மண்ணிலிருந்து வேருக்குள் புகுகிற நூற்புழு என்ற நுண்ணிய புழுதான் காரணம் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சரி, பிடுங்கியாச்சு, வேரில் முடிச்சு இருக்கிறது. உடனே பதற வேண்டாம். பயறுச் செடியில் நல்ல முடிச்சும் உண்டு, தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் முடிச்சு. அது வேரின் ஓரத்தில் மணிமணியாக ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு உதிராது, ஏனென்றால் வீங்கியிருப்பது வேரேதான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சு வேர்நுனி வழியாக நுழைந்து, ஓரிடத்தில் உட்கார்ந்து, பக்கத்துச் செல்களை ராட்சத செல்களாக ஊதவைத்து அவற்றையே உறிஞ்சுகிறது; நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு வாரத்தில் தாயாகி நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

'எதிர்ப்பு ரகம் விதைச்சாச்சு, இனிப் புழு வராது' என்பதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. வரும். எதிர்ப்பு ரகத்திலும் புழு வேருக்குள் நுழையத்தான் செய்கிறது, பெருகத்தான் முடிவதில்லை. சில செடிகள் புழு வாய்வைத்த இடத்துச் செல்களை உடனே சாகவிட்டு அதைப் பட்டினி போடும். தட்டாம்பயற்றில் ஆர்கே (Rk) என்ற எதிர்ப்பு மரபணு உள்ள ரகங்களோ கொஞ்ச நாள் தின்னவிடும், அப்புறம் ராட்சத செல்கள் சிதைந்துபோக, முட்டை வைக்க ஆளிருக்காது. அதனால் புழு மண்டிய நிலத்தில் எதிர்ப்பு ரகத்தின் இளவேரும் அடிபடும். அதையே வருஷா வருஷம் போட்டால் அதையும் மீறுகிற புழு தேறிவரும். தாங்கும் ரகம் வேறு சங்கதி: உங்களுக்குக் காய் கொடுக்கும், மண்ணுக்குள் புழுவையும் வளர்க்கும்.

பயறு எடுத்த பாத்தியில் கத்தரியும் தக்காளியும் வெண்டையும் வைப்பது புழுவுக்குப் பந்தி போடுவதுதான். வேர்முடிச்சு நூற்புழுவில் பல வகை உண்டு; உங்கள் மண்ணில் இருப்பது இன்காக்னிட்டா என்ற வகை என்றால் நிலக்கடலை அதற்குத் தீனியாகாது, செண்டுப்பூவும் நல்லது. சித்திரை வெயிலில் ஆழ உழுது போட்டால் பாதி வேலை முடியும்.

பிடுங்கிய வேரைக் குப்பைக்குழியில் போட்டு, அதே எருவைப் பாத்திக்குத் திரும்பக் கொட்டியவனும் நான்தான். இப்போது வேரைக் காயவைத்துக் கொளுத்திவிடுகிறேன், கொடி மட்டும் மாட்டுக்கு.