புது டேங்க்ல மீன் சாகாம இருக்க: மீன் வாங்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்க வேண்டிய வேலை

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைங்களுக்குப் போய் ஆசையா கவர்ல கட்டி வாங்கிட்டு வந்த மீன் முதல் ரெண்டு நாள் நல்லா சுத்தும், அப்புறம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கி ஒண்ணொண்ணா செத்துப்போகும். தண்ணி பளிச்சுனுதான் இருக்கும், அதனால மீனுக்கு ஏதோ சீக்குன்னு நினைச்சு மருந்து ஊத்துறாங்க. பெரும்பாலும் காரணம் அம்மோனியா, அது கண்ணுக்குத் தெரியாது.

மீன் செவுள் வழியாவே அம்மோனியாவை வெளிய விடும், கழிவும் மிச்சத் தீனியும் அழுகி இன்னும் கூடும். பழகின டேங்க்ல ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டா மாத்தும், ஆனா நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனை எடுத்துட்டுப் போக விடாது, அதை இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தினதும்தான் ஆபத்து குறையும். புது டேங்க்ல இந்த ரெண்டுமே இல்ல, வளர சாதாரணமா 4ல இருந்து 6 வாரம் ஆகும். அதனால நீங்க முதல்ல வளர்க்க வேண்டியது மீனை இல்ல, இந்த பாக்டீரியாவை.

முதல்ல டேங்க். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம்னா சுமார் 56 லிட்டர் பிடிக்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது சரியான சைஸ். உருண்டை பவுல்ல கோல்ட்ஃபிஷ் விடுறதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அது நிறைய கழிவு போடுற மீன், அந்தத் தண்ணி அதுக்குப் பத்தவே பத்தாது.

அடுத்தது தண்ணி. குழாய்ல வர்ற கார்ப்பரேஷன் தண்ணி, லாரித் தண்ணின்னா குளோரின் இருக்கும், அது செவுளையும் எரிக்கும் பாக்டீரியாவையும் கொல்லும், கடைல ஆன்டி குளோரின்னு கேட்டா தருவாங்க, பாட்டில்ல போட்டிருக்க அளவுக்கு விடுங்க. போர் தண்ணில குளோரின் இருக்காது ஆனா உப்பும் பிஹெச்சும் (தண்ணியோட அமில, கார அளவு) பல இடத்துல அதிகம், பிஹெச் ஏற ஏற, சூடும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையா தாக்கும். போர் தண்ணி வீடுன்னா கப்பி, மோலி மாதிரி சின்ன மீன்ல ஆரம்பிங்க, அதுங்களுக்கு கடினத் தண்ணி ஒத்துக்கும்.

இப்போ ஏர் பம்ப்ல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டர் மாட்டி 24 மணி நேரமும் ஓட விடுங்க, பாக்டீரியா அந்த ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும்தான் ஒட்டி வளரும். மீன் இல்லாத டேங்க்லயே ரெண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை தீனி போடுங்க, அது அழுகி வர்ற அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தண்ணில அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எவ்வளவுன்னு பாக்குற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிடுங்க, செலவுதான் ஆனா அது இல்லாம இருட்டுல தேடுற கதைதான். முதல்ல அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசில நைட்ரேட் காட்டும். தீனி போட்டுக்கிட்டே இருந்தும் முதல் ரெண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டினா டேங்க் தயார். நடுவுல தண்ணி பால் கலந்தாப்புல வெள்ளையா கலங்கலாம், அது தானா தெளியும், பயந்துபோய் டேங்கையே காலி பண்ணி கழுவிடாதீங்க.

சீக்கிரம் முடியணும்னா நல்ல வழி, நல்லா ஓடுற டேங்க் வெச்சிருக்க தெரிஞ்சவங்ககிட்ட பழைய ஸ்பாஞ்ச் ஒண்ணு கேட்டு வாங்கி, காயாம கொண்டு வந்து உங்க டேங்க்ல போடுறது. அழுக்கா இருக்கேன்னு குழாய்ல அலசிட்டீங்கன்னா எல்லாம் போச்சு. எப்பவுமே ஃபில்டரை டேங்க்ல இருந்து எடுத்த தண்ணிலதான் லேசா பிழியணும்.

மீனை ஏற்கனவே விட்டுட்டீங்களா? தினமும் கால்வாசி தண்ணி மாத்துங்க, குளோரின் எடுத்த தண்ணியா இருக்கட்டும். தீனி ரெண்டு நாளுக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான், பட்டினி கிடக்குதேன்னு மனசு கேக்காது, ஆனா இந்த நேரத்துல தீனிதான் அதைக் கொல்லும். 10 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு கரைச்சு ஊத்தினா நைட்ரைட் செவுள் வழியா உள்ள போறது குறையும், அப்புறம் தண்ணி மாத்தும்போது எடுத்த தண்ணிக்கு ஈடா மட்டும் உப்பு சேருங்க. ஆன்டிபயாடிக் மருந்து வேணாம், ஃபில்டர் பாக்டீரியாவையும் அழிச்சிடலாம்.

கரண்ட் அடிக்கடி போற ஏரியான்னா பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க, ஃபில்டர் ரொம்ப நேரம் நின்னா ஆக்சிஜன் இல்லாம பாக்டீரியாவும் சாகும்.

டேங்க் தயாரானதும் 3, 4 மீன் மட்டும் வாங்குங்க. லைட்டை அணைச்சிட்டு கவரை அப்படியே 20 நிமிஷம் தண்ணில மிதக்க விடுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா டேங்க் தண்ணியை கவருக்குள்ள ஊத்தி, வலைல மீனை மட்டும் எடுத்து விடுங்க, கவர் தண்ணி உள்ள போகக்கூடாது. அடுத்த செட் மீன் ரெண்டு வாரம் கழிச்சு, அதுவும் டெஸ்ட் பண்ணி அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்னு பாத்துட்டு.